மூடப்போகும் பள்ளியில் ஒரு வருஷம்: ஐக் ஹோல்ட்டரின் 'எக்ஸிட் ஸ்ட்ராட்டஜி'

சிகாகோ மாநகரில் இருப்பது 50 வார்டுகள். நாடக ஆசிரியர் ஐக் ஹோல்ட்டர் தன் பங்குக்கு 51-வது வார்டு ஒன்றைக் கற்பனையாக உண்டாக்கி, அதற்கு ரைட்லிண்ட் என்று பெயர் வைத்து, அங்கே நடப்பதாக ஏழு நாடகங்கள் எழுதினார். அந்த ஏழில் ஒன்றுதான் 'எக்ஸிட் ஸ்ட்ராட்டஜி'. மூடப்போகிற ஓர் அரசு உயர்நிலைப்பள்ளி, அதன் ஆசிரியர்கள். 2014-ல் சிகாகோவிலேயே ஜாக்கலோப் என்ற சிறிய குழு இதை முதலில் மேடையேற்றியது. 2016-ல் நியூயார்க்குக்குப் போனது. அடுத்த வருஷம் ஹோல்ட்டருக்கு விண்டம்-கேம்ப்பெல் பரிசு கிடைத்தது.

நான் இதை மேடையில் பார்த்ததில்லை. பிரதியாகத்தான் படித்தேன். அதனால் நடிப்பு, ஒளியமைப்பு பற்றியெல்லாம் எதுவும் சொல்லப்போவதில்லை. எழுத்தைப் பற்றி மட்டும். ஆனால் நாடகத்தை மட்டும் தனியாக வைத்துப் பேசினால் பாதிதான் புரியும். அது எழுதப்பட்ட சமயத்தில் சிகாகோவில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்கணும். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

தலைப்பிலிருந்தே ஆரம்பிக்கலாம். 'எக்ஸிட் ஸ்ட்ராட்டஜி' என்பது முதலீட்டாளர்களும் ராணுவக்காரர்களும் பேசுகிற பாஷை. போட்ட பணத்தை எப்போது, எப்படி வெளியே எடுப்பது என்கிற திட்டம். ஒரு பள்ளிக்கூடக் கதைக்கு அந்தத் தலைப்பை வைத்ததிலேயே ஹோல்ட்டர் பாதி சொல்லிவிட்டார். பள்ளியின் பெயர் டம்பிள்டன். 'இடிந்து விழப்போகிற' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து சில எழுத்துகளை உருவிவிட்டு வைத்த பெயர். கொஞ்சம் பச்சையான குறியீடுதான். போகட்டும்.

முதல் காட்சி

கல்வியாண்டு தொடங்கும் சமயம். ரிக்கி என்ற இளைஞர், துணைத் தலைமையாசிரியர். பல வருஷமாக அங்கே பாடம் நடத்துகிற பாம் என்ற மூத்த ஆசிரியையைத் தனியாகச் சந்தித்து ஒரு செய்தி சொல்ல வேண்டும்: இந்த வருஷ முடிவில் பள்ளியை மூடுகிறார்கள். அவர் நல்ல பையன். மென்மையாகச் சொல்ல நினைக்கிறார், தயாரித்து வந்திருக்கிறார். பாம் அவரை அந்த மென்மைக்குள் ஒளிந்துகொள்ள விடுவதில்லை. சிரிக்கிறார், திட்டுகிறார், குறுக்கே பேசுகிறார். காட்சி வேகமாகவும் வேடிக்கையாகவும் போகிறது. அது முடிந்த கையோடு பாம் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறார்.

இந்த ஒரு காட்சிக்காகவே நாடகத்தைப் படிக்கலாம். இதைத் தமிழில் கொண்டுவந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே 'யூ'. தமிழில் பாம் அந்தப் பையனை என்ன சொல்லிக் கூப்பிடுவார்? வயசைப் பார்த்தால் 'தம்பி', பதவியைப் பார்த்தால் 'சார்'. 'சார்' என்று ஆரம்பித்து நடுவில் ஒரு இடத்தில் 'தம்பி'க்கு வந்து கடைசியில் 'டா' போட்டுவிடுவார் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் ஹோல்ட்டர் இதையே வேறு வழியில் செய்கிறார்: யார் யாரை முழு வாக்கியம் பேச விடுகிறார்கள் என்பதை வைத்து. பதவி ரிக்கியிடம், வாக்கியம் பாமிடம்.

இன்னொன்று. செய்தியைக் கொண்டுவந்தவருக்கு அந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லை. பாம் யாரைத் திட்டினாலும் அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது. அடுத்து வருகிற காட்சிகள் முழுக்க இதே நிலைமைதான்.

எதிராளி மேடையில் இல்லை

இப்ஸனின் 'மக்களின் எதிரி' பலருக்குத் தெரிந்திருக்கும். சத்யஜித் ராய் 1989-ல் 'கணசத்ரு' என்று படமாக எடுத்தாரே, அது. ஊர்க் குளியல் நிலையத்தின் தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது என்கிறார் டாக்டர். வெளியே சொல்லாதே என்கிறார் நகர மேயர். அந்த மேயர் டாக்டரின் சொந்த அண்ணன். இரண்டு பேரும் ஒரே அறையில் நின்று சண்டை போடுகிறார்கள். பிறகு பொதுக்கூட்டமே மேடையில் நடக்கிறது. பொதுப் பிரச்சினையை நாடகமாக்க இப்ஸன் போட்டுக்கொடுத்த வழி இது: இரண்டு தரப்பையும் ஓர் அறைக்குள் அடை.

ஹோல்ட்டரின் மேடையில் இரண்டாவது தரப்பே கிடையாது. மேயர் வருவதில்லை. கல்வி வாரியம் வருவதில்லை. இருப்பதெல்லாம் ஒரு ஸ்டாஃப் ரூம். சங்கம், வேலைநிறுத்தம் எல்லாம் பார்த்து அலுத்துப்போன ஆர்னால்ட், சேடி, ஜானியா, ரிக்கியோடு காதலில் இருக்கும் லூஸ். அடிபட்டவர்களெல்லாம் ஒரே அறையில். அடித்தவர் வேறெங்கோ. அதனால் அவர்கள் ஒருவரையொருவர் குதறிக்கொள்கிறார்கள். ரிக்கி கையில் கிடைத்த ஆள் என்பதால் ரிக்கியை.

இதை நாடகத்தின் பலவீனம் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். எதிராளி இல்லாமல் என்ன நாடகம்? எனக்கு இது உண்மைக்கு மிக நெருக்கமாகப் படுகிறது. அதற்கு 2013-ஐப் பார்க்க வேண்டும்.

ஒரு சூத்திரம்

2013 மே 22 அன்று சிகாகோ கல்வி வாரியம் ஒரே கூட்டத்தில் 49 தொடக்கப்பள்ளிகளையும் ஓர் உயர்நிலைப்பள்ளித் திட்டத்தையும் மூட வாக்களித்தது. அந்த வாரியம் தேர்தலில் வந்ததல்ல. உறுப்பினர்கள் மேயரால் நியமிக்கப்பட்டவர்கள். வாரியத்துக்கு முதல் தேர்தல் நடந்ததே 2024 நவம்பரில்தான், அதுவும் ஒரு பகுதி இடங்களுக்கு. ஆக 2013-ல் ஒரு பெற்றோர் கோபப்பட்டு ஓட்டைத் திருப்பிப் போட வேண்டுமென்றால், மேயர் தேர்தல் வரை காத்திருக்கணும்.

எந்தப் பள்ளியை மூடுவது? இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள். சாஃப்ட்வேர்க்காரன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில் எத்தனை வகுப்பறைகள் என்று எண்ண வேண்டியது. அதில் கிட்டத்தட்ட முக்கால் பங்கை வழக்கமான வகுப்புகளுக்கான அறைகளாகவும், மீதியை இசை, ஓவியம், கணினி மாதிரியான மற்ற உபயோகங்களுக்கும் வைக்க வேண்டியது. வழக்கமான அறை ஒவ்வொன்றுக்கும் 30 மாணவர்கள். பெருக்கினால் வருவது 'உகந்த' எண்ணிக்கை. அதற்கு 20 சதவீதம் கீழேயோ மேலேயோ இருந்தால் 'திறமையான பயன்பாடு'. கீழே போனால் 'குறைவான பயன்பாடு'.

39 அறை உள்ள கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். 30 வழக்கமான அறை, 9 மற்றவை. உகந்தது 900 பேர். 720-லிருந்து 1080 வரை சரி. இதையே ஒரு வகுப்புக்கு எத்தனை பேர் என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். வகுப்புக்கு 36 பேர் இருந்தால் சூத்திரம் அதைத் 'திறமை' என்கிறது. வகுப்புக்கு 23 பேர் இருந்தால் 'வீண்' என்கிறது. எந்தப் பெற்றோரையாவது கூப்பிட்டு, உங்கள் பிள்ளையை எந்த வகுப்பில் போடுவீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். அதோடு, சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளின் வகுப்பில் சட்டப்படியே பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வைக்க முடியாத நிலை இருக்கும். அந்த அறையும் சூத்திரத்தின் கண்ணுக்குப் பாதிக்கு மேல் காலி. இந்த ஆட்சேபணைகளை அப்போதே சிகாகோவில் பலர் எழுப்பினார்கள்.

மறுதரப்பையும் சொல்லணும். 5 லட்சத்துக்கு மேல் இருக்கைகள், 4 லட்சம் சொச்சம் மாணவர்கள் என்றது நிர்வாகம். பட்ஜெட்டில் பெரிய பள்ளம். 2000-லிருந்து 2010-க்குள் மட்டும் நகரத்தின் கறுப்பின மக்கள்தொகை சுமார் 1,80,000 குறைந்திருந்தது. தெற்கிலும் மேற்கிலும் வகுப்பறைகள் காலியானது கட்டுக்கதையல்ல. ஆனால் அவை ஏன் காலியாயின? அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடித்ததும் அதே நகராட்சிதான். மாணவர் போதவில்லை என்ற அதே ஆண்டுகளில் புதிய சார்ட்டர் பள்ளிகளுக்கு அனுமதி கொடுத்ததும் அதே நிர்வாகம்தான். சூத்திரத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அது எண்ணியது அறைகளை மட்டும்.

இப்போது ஹோல்ட்டரின் மேடைக்குத் திரும்புவோம். அவர் காட்டும் இடம் ஸ்டாஃப் ரூம். சூத்திரத்தின் எண்ணிக்கையில் வராத அறை. வகுப்பறையே மேடையில் தலைகாட்டாத ஒரு பள்ளிக்கூட நாடகத்தை எழுதிவிட்டு, பள்ளி என்பது யார் என்று நம்மை யோசிக்க வைக்கிறார். வேண்டுமென்றே செய்தாரோ இல்லையோ, அந்தத் தேர்வு சரியாகப் பொருந்துகிறது.

காத்திருக்கும் வருஷம்

என்னைப் பொறுத்தவரை இந்த நாடகத்தின் உண்மையான விஷயம் மூடல் அல்ல. மூடல் ஒரு நாள் விவகாரம். முடியும் தேதி தெரிந்த பிறகும் அதே இடத்துக்குத் தினமும் வேலைக்குப் போவது எப்படி என்பதுதான் விஷயம்.

எங்கள் தொழிலில் இது ஓரளவு பழக்கம். முன்பு ஒரு கம்பெனியில் நான் டீம் மேனேஜராக இருந்தபோது, எங்கள் பிராடக்டை இன்னும் ஒன்பது மாசத்தில் நிறுத்தப்போவதாக மேலிருந்து ஒரு மெயில் வந்தது. காரணம் கேட்டதற்கு ஒரு எக்செல் ஷீட்டின் படத்தை அனுப்பினார்கள். டீமிடம் போய் நான்தான் சொல்லணும். என்ன சொல்லணும் என்பதையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்கப்புறம் வந்த ஒன்பது மாசத்தை நான் மறக்கவே மாட்டேன். யாரும் கத்தவில்லை. எல்லாரும் வந்தார்கள், காபி குடித்தார்கள், பக் சரி செய்தார்கள். ஆனால் நல்லா எழுதின கோடைப் பார்த்து 'இது எதுக்கு?' என்று ஒருத்தர் கேட்டால், பதில் சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை. பிராடக்ட் போனால் இன்னொன்று வரும், அது வேற. இவர்கள் கையில் இருப்பது பிள்ளைகள். 'இது எதுக்கு?' என்று ஒரு பத்தாம் வகுப்பு மாணவன் கேட்டால்?

இதற்கு ஆய்வு ரீதியான சான்றும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழு 2018-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மூடிய பள்ளிகளில் படித்த சுமார் 12,000 குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். மதிப்பெண்ணில் மிகப் பெரிய சரிவு ஏற்பட்டது எப்போது? பள்ளி மாறிய பிறகு அல்ல. மூடல் அறிவிக்கப்பட்ட அந்த வருஷத்திலேயே. வாசிப்பில் சுமார் ஒன்றரை மாதப் படிப்பு, கணக்கில் சுமார் இரண்டு மாதப் படிப்பு பின்தங்கிப் போனார்கள். கணக்கில் அந்தப் பின்னடைவு பல வருஷம் தொடர்ந்தது. இத்தனைக்கும், போய்ச் சேர்ந்த பள்ளிகளில் 93 சதவீதம் பேருக்குக் கிடைத்தவை அதிக மதிப்பீடு பெற்ற பள்ளிகள் என்று அதே குழு 2015-ல் சொல்லியிருந்தது. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் பூட்டுப் போடுவதற்கு முன்னாலேயே சேதம் நடந்து முடிந்துவிட்டது.

நாடகம் இந்த அறிக்கைக்கு நான்கு வருஷம் முந்தியது. பாம் சாவது முதல் காட்சியில், செய்தி வந்த உடனே. பள்ளி சாவது அதற்கப்புறம் ரொம்ப நாள் கழித்து. அறிக்கை எண்களில் சொன்னதை ஹோல்ட்டர் காட்சி வரிசையில் சொல்லிவிட்டார்.

டானி வந்த பிறகு

இதுவரை புகழ்ந்தாச்சு. எனக்கு மனத்தாங்கல் இருக்கும் இடத்துக்கு வருகிறேன்.

டானி என்று ஒரு மாணவன். துடிப்பானவன், வாய் சாமர்த்தியம் உள்ளவன். பள்ளியின் இணையதளத்துக்குள் புகுந்து அதைப் பள்ளியைக் காப்பாற்ற நிதி திரட்டும் பக்கமாக மாற்றிவிடுகிறான். முதலில் அவனைத் தண்டிக்கக் கூப்பிடும் ரிக்கி, பிறகு அவனோடு சேர்ந்துகொள்கிறார். ஸ்டாஃப் ரூம் விழித்தெழுகிறது. போராட்டம் சூடு பிடிக்கிறது. நாடகத்துக்கு ஒரு எஞ்சின் கிடைக்கிறது.

எஞ்சின் கிடைத்ததுதான் பிரச்சினை. அதுவரை மூச்சுமுட்ட வைத்த அந்தக் காத்திருப்பு, திடீரென்று 'ஜெயிப்பார்களா மாட்டார்களா' கதையாக மாறுகிறது. பாமின் மரணம் மெல்லப் பின்னால் போய், மற்றவர்கள் எழுந்து நிற்பதற்கான காரணமாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு மனுஷியின் சாவை மற்றவர்களின் வீரத்துக்கு எரிபொருளாக்குவது நாடகத்தில் பழைய உத்தி. முதல் காட்சியில் அந்தப் பெண்மணியை அவ்வளவு உயிரோடு எழுதியவர் அவருக்கு இன்னும் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறார்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று. 2013-ல் மூடியவை கிட்டத்தட்ட முழுக்கத் தொடக்கப்பள்ளிகள். ஹோல்ட்டர் எழுதியது உயர்நிலைப்பள்ளி. ஏன்? காரணம் ஊகிக்க முடிகிறது. எட்டு வயசுக் குழந்தை இணையதளத்துக்குள் புகாது. ஸ்டாஃப் ரூமில் நின்று ஆசிரியரோடு சரிக்குச் சரி வாதாடாது. டானி வேண்டுமென்றால் உயர்நிலைப்பள்ளி வேண்டும். மேடைத் தேவை. ஆனால் இந்த ஒரு மாற்றம் பெரிய விலை வாங்கிவிட்டது. தொடக்கப்பள்ளியாக இருந்திருந்தால் குழந்தைக்காகப் பேச ஒரு அம்மாவோ பாட்டியோ மேடைக்கு வந்தே தீரணும். இந்த நாடகத்தில் பெற்றோர் யாருமே இல்லை.

சிகாகோவின் நிஜக் கதையில் முன்னால் நின்றவர்களில் முக்கியமானவர்கள் அவர்கள். 2010-ல் பில்சன் பகுதியில் விட்டியர் தொடக்கப்பள்ளியின் தாய்மார்கள், இடிக்க இருந்த ஒரு சின்னக் கட்டடத்துக்குள் புகுந்து 43 நாள் உட்கார்ந்தார்கள். கேட்டது ஒரு நூலகம். இது நாடகத்துக்கு நான்கு வருஷம் முன்பு. அடுத்து, டையட் உயர்நிலைப்பள்ளி. 2012-ல் படிப்படியாக மூட முடிவாகிறது; புது மாணவர்களைச் சேர்ப்பதை நிறுத்துகிறார்கள்; கடைசி வருஷத்தில் மிச்சம் இருந்தவர்கள் 13 பேர். இதுவும் காத்திருப்புதான், மூன்று வருஷக் காத்திருப்பு. 2015 ஆகஸ்டில் பெற்றோர், தாத்தா பாட்டிகள், ஆசிரியர்கள் என்று 12 பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள். 34 நாள். கடைசியில் 2016-ல் கலைகளுக்கான பொதுப்பள்ளியாக டையட் மறுபடி திறந்தது. அவர்கள் தயாரித்துக் கொடுத்த பாடத்திட்டத்தை நிர்வாகம் ஏற்கவில்லை. பாதி வெற்றி. ஆனால் பள்ளி திறந்தது.

உண்ணாவிரதம் நாடகத்துக்குப் பிறகு நடந்தது. அதை ஹோல்ட்டர் எழுதவில்லையே என்று கேட்பது நியாயமில்லை. நான் கேட்பது வேறு. நிதி திரட்டும் பக்கமும் ஒரு புத்திசாலிப் பையனும் பள்ளியைக் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கையை நாடகம் கொஞ்ச நேரம் நம்மிடம் விற்கிறது. பொதுப் பணத்தில் நடக்க வேண்டிய பள்ளிக்குப் பொதுமக்களிடம் உண்டியல் குலுக்குவது, மூடுகிறவர்களின் தர்க்கத்தை ஏற்றுக்கொண்ட மாதிரிதானே? ஆர்னால்ட் மாதிரி ஒரு பழைய சங்கக்காரர் இந்தக் கேள்வியை இன்னும் பலமாகக் கேட்டிருக்க வேண்டும். 2012 செப்டம்பரில் சிகாகோ ஆசிரியர்கள் ஏழு பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பெற்றோர்கள் பலர் அவர்கள் பக்கம் நின்றார்கள். ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்த ஊருக்கு நன்றாகவே தெரியும். மேடைக்குத்தான் அது வரவில்லை.

ஆனாலும்

ஹோல்ட்டர் ஒரு விஷயத்தில் நேர்மையாக இருந்துவிடுகிறார். டம்பிள்டன் காப்பாற்றப்படுவதில்லை. கடைசிக் காட்சியை விவரிக்கப்போவதில்லை; படிக்கிறவர்களுக்கு விட்டுவிடுகிறேன். ஆனால் நடுவில் ஏற்றிவிட்ட நம்பிக்கையை அவர் கடைசியில் மலிவாகக் கரை சேர்க்கவில்லை என்பதைச் சொல்லியாகணும். நடுப்பகுதியைப் பற்றிய என் கோபம் அதனால் பாதி குறைந்தது.

ஒரு பள்ளி போனால் மனிதர்கள் துக்கம் கொண்டாடுகிறார்கள் என்பதை சமூகவியலாளர் ஈவ் யூயிங் 2018-ல் வந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். மூடப்பட்ட பகுதியில் முன்பு ஆசிரியராக இருந்தவர் அவர். ஒரு நிறுவனத்துக்காக அழுவது பைத்தியக்காரத்தனம் இல்லை, அது உறவுகளின் இழப்பு என்பது அவர் வாதம். சூத்திரம் போட்டவர்களுக்கு மிகவும் புரியாமல் போனது இதுதான். பழைய கட்டடம், குறைந்த மதிப்பெண், காலி அறைகள். இதை மூடினால் ஏன் இப்படி அழுகிறார்கள்? 'எக்ஸிட் ஸ்ட்ராட்டஜி' அந்தக் கேள்விக்கு விளக்கம் சொல்வதில்லை. அழுதுகொண்டும் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கும் ஏழு பேரைக் கொண்டுவந்து நம் முன்னால் நிறுத்துகிறது. அவ்வளவுதான். அது போதுமானதாக இருக்கிறது.

2013 மூடலுக்குப் பத்து வருஷம் கழித்தும் அந்தக் கட்டடங்களில் பல காலியாகவே நின்றன. காலி அறைகள் வீண் என்று சொல்லித்தானே எல்லாம் ஆரம்பித்தது? இப்போது அங்கே எல்லா அறையும் காலி. யாரும் எண்ணுவதில்லை.